சுவரா, சில்லா? பேஸ்மென்டை வேலைக்கூடமாக்க நினைப்பவர்களுக்கு

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோப் பகுதியில் எங்கள் வீடு 1960களின் கடைசியில் கட்டிய பங்களோ. படியிறங்கினால் 24 அடிக்கு 26 அடியில் ஒரு பேஸ்மென்ட். பழைய சொந்தக்காரர் சுவர் முழுக்க மரப்பலகை அடித்து, தரை முழுக்கக் கார்பெட் விரித்து, ஒரு மூலையில் குட்டி பார் ஒன்றும் கட்டியிருந்தார். எங்களுக்கு அது பல வருடங்களாகச் சாமான் போடும் இடம். இப்போது அந்த இடத்துக்கு வீட்டில் மூன்று பேர் போட்டி. மனைவி சேலை பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். துணி வெட்டப் பெரிய மேசை வேண்டும். மகள் பரதநாட்டியம் பழகுகிறாள். 8 அடிக்கு 12 அடியாவது வெறும் தரை வேண்டும். மகன் பாட்டுப் பதிவு செய்கிறான். அவனுக்கு மற்ற இருவரும் அந்தப் பக்கம் வராமல் இருந்தால் போதும். நானும் ஓய்வு நேரத்தில் படம் வரைகிறவன். என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

விசாரித்த இடமெல்லாம் மூன்று விதமான பதில்தான். ஒன்று, வாடகைக்கு விடு, அந்தக் காசில் வேறு இடம் எடு. இரண்டு, ஆளுக்கொரு அறையாகப் பிரித்து முழுதாகக் கட்டி முடி. மூன்று, ஒன்றும் கட்டாதே, வெறும் மண்டபமாக விட்டு, மேசை அலுமாரி எல்லாவற்றுக்கும் அடியில் சில்லு, அதாவது சக்கரம், பூட்டி உருட்டிக்கொள். ஒரு குளிர்காலம் முழுக்க இதையே கதைத்தோம். கடைசியில் நாங்கள் எடுத்தது மூன்றிலும் இல்லாத ஒன்று. ஆனால் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பிரயோசனம்.

முதலில் வாடகை. இதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. மோட்கேஜ் (வீட்டுக் கடன்) கழுத்தை நெரிக்கும் வீட்டில் இதுதான் சரியான முடிவு. ஆனால் சட்டப்படி செய்வதென்றால் வேலை பெரிது: மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவே தீ பரவாத தடுப்பு, ஒன்று அலறினால் மற்றதும் அலறும் புகை எச்சரிக்கைக் கருவிகள், போதுமான கூரை உயரம். படுக்கையறை என்றால் ஆள் வெளியேறக்கூடிய யன்னலும் வேண்டும்: திறந்த பரப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, அதன் எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. எங்கள் பழைய யன்னல்களில் பூனை மட்டும் வெளியேறலாம். அதோடு, ஒருவர் குடிவந்த பிறகு அது உங்கள் இடமல்ல. பிள்ளைக்குத் தேவை என்று திருப்பி எடுக்கவே குறைந்தது 60 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். மகளின் அரங்கேற்றம் அதுவரை காத்திருக்குமா?

வாடகை கழிந்தது. மிச்சம் சுவரும் சில்லும். ஆனால் அந்தப் பேச்சைத் தொடங்கும் முன்னர் எங்களுக்கு ஒரு பாடம் காத்திருந்தது. பழைய மரப்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். பின்னால் கொங்கிரீட் சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கார்பெட்டைச் சுருட்டினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சணம். இத்தனை வருடமும் "பேஸ்மென்ட் மணம்" என்று நாங்கள் பழகிப்போனது அதைத்தான்.

இந்த நாட்டில் பேஸ்மென்ட் ஏன் இருக்கிறது என்பதை யோசித்தால் ஈரலிப்பின் காரணமும் விளங்கும். குளிர்காலத்தில் மண் உறைந்து வீங்கும். அந்த வீக்கம் அத்திவாரத்தைத் தூக்கிவிடும் என்பதால் உறைபனி எட்டாத ஆழத்துக்கு, ரொறன்ரோப் பக்கம் சுமார் 4 அடிக்கு, எப்படியும் தோண்டியாக வேண்டும். 4 அடி தோண்டுகிறவன் இன்னும் 4 அடி தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறது. ஆக, நாம் வேலைக்கூடம் என்று கனவு காண்பது ஈர மண்ணுக்குள் புதைத்த ஒரு கொங்கிரீட் பெட்டி. அதன் குணம் தெரியாமல் அலங்காரத்தில் காசைப் போட்டால் அடுத்த பெருமழை திருப்பி வாங்கிக்கொள்ளும்.

மழை என்றால் சாதாரண மழையல்ல. 2013 யூலை 8 அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பெய்தது. 2024 யூலை 16 அன்று மறுபடி 98 மில்லிமீற்றர் அளவு. டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இப்படியான நாட்களில் தண்ணீர் சுவர் வழியாகத்தான் வரும் என்றில்லை. தெருவின் கழிவுக் குழாய் நிரம்பினால் அது உங்கள் நிலத்து ட்ரெயின் (வடிகால் துளை) வழியாகத் திரும்பி மேலே வரும். அதைத் தடுப்பது பேக்வாட்டர் வால்வ். நிலத்தடி நீரைக் குழியில் சேர்த்து வெளியே தள்ளுவது சம்ப் பம்ப். இரண்டுக்கும் ரொறன்ரோ நகராட்சி மானியம் தருகிறது. தொகையும் நிபந்தனைகளும் மாறிக்கொண்டிருப்பதால் வேலை தொடங்க முன்னர் விசாரியுங்கள். இன்னொன்று: வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் வெளியே போக வழியில்லை. மழை கொட்டும்போது மேலே உடுப்புத் துவைத்தால் உங்கள் தண்ணீரே உங்கள் பேஸ்மென்டில் நிற்கும். காப்புறுதியிலும் கவனம் வேண்டும். கழிவுக் குழாய் திரும்பி வரும் சேதம் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டிய பாதுகாப்பு. நாங்கள் சேர்க்கவில்லை என்பது பத்திரத்தைத் தூசி தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சுவர் கசிவுக்கு இரண்டு வழி. வெளியே அத்திவாரம் வரை தோண்டி, சுவருக்கு நீர் புகாத பூச்சும் தடுப்புத் தாளும் கொடுத்து, அடியில் வீப்பிங் டைல் என்கிற துளைக் குழாய் புதைப்பது ஒன்று. சுவரே காய்ந்திருக்கும், ஆனால் செலவு கூட, டெக்கும் ரோசாச் செடியும் போய்விடும். உள்ளே தரையோரத்தை வெட்டி அதே குழாயைப் போட்டு சம்ப் குழிக்கு விடுவது மற்றது. செலவு குறைவு, ஆனால் சுவர் நனைந்தபடிதான் இருக்கும். வந்த தண்ணீரை ஒழுங்காக அனுப்புகிறோம், அவ்வளவுதான். எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதை 6 அடி தள்ளி விட்டு, வீட்டோரத்து மண்ணை வெளிப்பக்கம் சரிவாக மூடியதும் அடுத்த வசந்தத்தில் உப்புப் பூக்கவில்லை. பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட முன்னர் ஒரு மழை நாளில் குடையோடு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எனக்கு மதிப்பீடு தர வந்த இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

சரி, தண்ணீர் வருவது நின்றது. அப்புறம் தரை. எங்கள் விவாதத்தில் பாதி இதில்தான் போனது, ஏனென்றால் மூன்று பேருக்கும் மூன்று தரை வேண்டும்.

வெறும் கொங்கிரீட்டுக்கு எபொக்சி பூசுவது மலிவு. பெயின்ட் சிந்தினாலும் கவலையில்லை, சில்லு சறுக்கிக்கொண்டு ஓடும், வெள்ளம் வந்தால் துடைத்துவிடலாம். ஆனால் சனவரியில் காலை வைக்க முடியாது. கார்பெட் கதகதப்பானது, சத்தத்தையும் உறிஞ்சும், ஊசி விழுந்தால் தேட முடியாது, நனைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். எங்கள் கதையைத்தான் மேலே சொன்னேனே. வைனல் என்கிற பிளாஸ்டிக் பலகையை நேரே கொங்கிரீட் மேல் விரிக்கலாம்; பலகை நனையாது, ஆனால் அடியில் சிக்கிய ஈரம் எங்கே போகும்? அதற்காகத்தான் அடியில் குமிழ் குமிழாகப் பிளாஸ்டிக் ஒட்டிய 2 அடிச் சதுரப் பலகைகள் விற்கிறார்கள். குமிழ்களின் இடைவெளியில் காற்று ஓடும், கால் குளிராது. கிட்டத்தட்ட ஒரு அங்குல உயரத்தை அது தின்றுவிடும். எதைப் போடுவதென்றாலும் 2 அடிப் பாலித்தீன் துண்டொன்றைத் தரையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுத் தூக்கிப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் தரை இன்னும் தயாரில்லை.

நடனத்துக்கு இதில் ஒன்றுமே சரிவராது. அரைமண்டியில் உட்கார்ந்து வெறுங்காலால் தட்டுகிற ஆட்டம் இது. கொங்கிரீட் மேல் வைனல் போட்டால் அது பார்வைக்குத்தான் மரம். கால் தட்டும் வேகம் முழுக்க முழங்காலுக்கும் முன்னங்காலெலும்புக்கும் திரும்பி வரும். இந்த ஊரில் எத்தனையோ பிள்ளைகள் பேஸ்மென்ட் வகுப்புகளில் இப்படித்தான் ஆடுகிறார்கள், "கால் நோகுது" என்று சொன்னால் பயிற்சி போதாது என்கிறோம். கொஞ்சம் அமிழ்ந்து எழும் தரை வேண்டும்: அடியில் ரப்பர் நுரைக் கட்டைகள், மேலே இரண்டடுக்குப் பிளைவுட். முழுத் தரைக்கும் நிரந்தரமாகப் போட்டால் 2 அங்குலத்துக்கு மேல் உயரம் போகும். எங்கள் விட்டத்துக்கும் தரைக்கும் நடுவே இருப்பதே 7 அடி 2 அங்குலம். மகளை நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி அளந்தேன்: விரல் நுனி 6 அடி 10 அங்குலம். குதித்தால்? அந்த அளவு நாடாதான் பல விவாதங்களை முடித்து வைத்தது.

ஆகவே 4 அடிச் சதுரத்தில் ஆறு பலகைத் துண்டுகள் செய்து, இரண்டு விட்டங்களுக்கு நடுவே உயரம் கிடைக்கிற இடமாகப் பார்த்து விரித்தோம். தேவையில்லாத நாளில் சுவரோரம் நிறுத்தி வைக்கலாம் என்பது திட்டம். ஒரு துண்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பதைத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டேன். அதனால் அவை பெரும்பாலும் விரித்தபடியே கிடக்கின்றன, அதன் மேலேயே மனைவி துணி பரப்புகிறார். மிச்சத் தரைக்குக் குமிழ்ப் பலகையும் மேலே வைனலும்.

கூரையில் தீர்மானம் எளிது. ஜிப்சம் பலகை அடித்து மூடினால் அழகு. ஆனால் மேலே சமையலறைக் குழாய் கசிந்தால் வெட்டித்தான் பார்க்க வேண்டும். தொங்கு கூரையை ஓடு ஓடாகக் கழற்றலாம், ஆனால் சில அங்குலம் கீழே வரும். மூடாமல் விட்டு விட்டம், குழாய், வயர் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் பெயின்ட் அடிப்பது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். உயரம் மிச்சம், எங்கே வேண்டுமானாலும் கொக்கி போடலாம், விளக்கை நகர்த்தலாம். மேலே யார் நடந்தாலும் கீழே கேட்கும் என்பது அதன் குறை. அதற்குக் கீழே நின்று வைத்தியம் செய்வதை விட மேலே ஒரு தடித்த கம்பளம் விரிப்பது மலிவு.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். சுவர் எழுப்பிப் பிரித்தால் என்ன கிடைக்கும்? கதவு. கதவு பெரிய விஷயம்தான். ஒருவர் வேலையை அப்படியே விட்டுப் பூட்டிப் போகலாம். ஆனால் 24 அடி இடத்தை மூன்றாக வெட்டினால் மூன்றும் அலுமாரி மாதிரி இருக்கும். இருக்கிற யன்னல் வெளிச்சம் ஒரு அறைக்கு மட்டும் போகும். ஹீட்டர் குழாய் ஒரு அறையைப் பொரிக்கும், மற்றதை விறைக்க வைக்கும். பிள்ளைகள் வளர்ந்து போனபின் இடிப்பதற்கும் காசு கொடுக்க வேண்டும். சில்லுப் பூட்டிய மேசை, அலுமாரி, கூரையில் ஓடும் கனத்த திரை என்று போனால் சனிக்கிழமை தையல்கூடம், ஞாயிறு ஆடுகளம். குறையும் உண்டு: ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டும், நகர்த்துவது நானாகத்தான் இருக்கும். சில்லு வாங்கினால் பிரேக் உள்ளதாக, தரையைக் கீறாத பொலியூரித்தேனில் வாங்குங்கள். உயரமான அலுமாரிக்கு அகலமான அடிப்பலகை கட்டாயம், இல்லாவிட்டால் பிள்ளை மேல் விழும்.

இந்தப் போட்டியில் சில்லுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் தோல்வி: சத்தம். திரை எதிரொலியைக் குறைக்கும், சத்தத்தை மறிக்காது. சுவரில் நுரை ஒட்டுவதும், யாரோ சொன்னார்கள் என்று முட்டைத் தட்டு ஒட்டுவதும் அதே கதைதான். சத்தத்தை மறிக்கப் பாரம் வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடாத கட்டமைப்பு வேண்டும். இது மூன்றும் அசையாத சுவரில்தான் முடியும். எனவே மகனுக்கு மட்டும் 8 அடிக்கு 9 அடியில் ஒரு மூடிய அறை: உள்ளே கல் நார்ப் பஞ்சு, இரண்டடுக்கு ஜிப்சம், கனத்த கதவு, அந்த ஒரு அறைக்கு மட்டும் மூடிய கூரை. எல்லாம் செய்தும் ஹீட்டர் குழாய் வழியாக அவன் பாட்டு சமையலறைக்கு வந்தது. உட்புறம் பஞ்சு வைத்த வளைந்த குழாய் ஒன்றை நடுவே போட்ட பிறகுதான் அடங்கியது. மிச்ச இடம் முழுக்கச் சுவரில்லாத மண்டபம். ஒரு சுவர், மற்றதெல்லாம் சில்லு. இதுதான் எங்கள் முடிவு.

வெளிச் சுவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கொங்கிரீட்டோடு ஒட்டக் கண்ணாடி நார்ப் பஞ்சை வைத்து மேலே பிளாஸ்டிக் தாள் போடுவது இங்கே நெடுங்கால வழக்கம். கோடையில் சூடான ஈரக்காற்று குளிர்ந்த கொங்கிரீட்டைத் தொட்டு வியர்க்கும், பஞ்சு அதைக் குடித்துக்கொண்டு பூஞ்சணம் வளர்க்கும். அதற்குப் பதில் 2 அங்குல கெட்டி நுரைப் பலகையை நேரே சுவரில் ஒட்டி, மூட்டுகளை டேப்பால் அடைத்து, அதன்மேல் சட்டமும் ஜிப்சமும் போட்டோம். தெளிக்கும் நுரை இதைவிடத் திறம், விலையும் அப்படியே. தெளிக்கும் நாளில் வீட்டை விட்டு வெளியே நிற்கவும் வேண்டும். எந்த நுரையானாலும் வெளியே தெரிய விடக்கூடாது, தீப்பிடித்தால் ஆபத்து. இன்னொன்று, வேர்க்கிற யூலையில் "காத்து வரட்டும்" என்று பேஸ்மென்ட் யன்னலைத் திறக்காதீர்கள். வருவது காற்றல்ல, தண்ணீர். ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓடவிட்டு, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருங்கள். துணி மணக்காது, மிருதங்கத் தோலும் தளராது.

சுவருக்கென்று ஒதுக்கிய காசில் மிஞ்சியதை மின்சாரத்தில் போட்டோம். என் கருத்தில் இதுதான் இந்த வேலையிலேயே புத்தியான செலவு. சாதாரண 15 அம்பியர் இணைப்பு தொடர்ந்து தாங்குவது 1,440 வாட். மனைவியின் நீராவி இஸ்திரிப்பெட்டியும் ஒரு சின்ன ஹீட்டரும் ஒரே இணைப்பில் இருந்தால் மகனின் பதிவு நடுவில் அறுந்துவிடும். இஸ்திரிக்குத் தனி இணைப்பு, பதிவறைக்குத் தனி இணைப்பு, சுவரைச் சுற்றி மேசை உயரத்துக்கு மேலே பிளக்குகள், மண்டபத்தின் நடுவே விட்டத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வயர் இரண்டு. மேசை எங்கே போனாலும் பிளக் அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் சில்லுப் பூட்டி என்ன பயன்? எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த வேலைக்கு ஆள் பிடித்தால் உரிமம் உள்ள ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும், மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அறிவிக்க வேண்டும். விளக்கு வாங்கும்போது பெட்டியில் நிறத் தரம் (CRI) 90க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். மலிவு விளக்கில் அரக்கு நூலும் மண்ணிற நூலும் ஒன்றுபோல் தெரியும். ஒரு கலியாணப் பிளவுசில் அது எங்களுக்குக் கசப்பாக விளங்கியது.

காற்றைப் பற்றி ஒன்று. மண்ணிலிருந்து வரும் ரேடான் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகைப்பிடித்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்கு அதுதான் முக்கிய காரணம். சாமான் அறையாக இருந்தவரை யாரும் அங்கே நிற்கவில்லை. இனி நாளைக்கு நாலைந்து மணித்தியாலம் மூச்சு விடப்போகிறோம். குளிர்காலத்தில் குறைந்தது 3 மாதம் வைக்கும் சோதனைக் கருவி ஒன்றை வாங்கி வையுங்கள். கனடாவின் வழிகாட்டல் அளவு ஒரு கன மீற்றருக்கு 200 பெக்கரல். அதற்கு மேலென்றால் தரையைத் துளைத்து அடிக்காற்றை விசிறியால் வெளியே இழுப்பார்கள், அந்த வேலை புதுத் தரை போட முன்னர் நடப்பதுதான் நல்லது. ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் உலை) இருக்கும் அறையை நெருக்கி அடைக்கவும் வேண்டாம். காஸ் சுடுநீர்த் தொட்டி அறைக் காற்றைக் குடித்து எரிகிறதென்றால் அதற்கு மூச்சு வேண்டும், இல்லாவிட்டால் புகை உள்ளே திரும்பும். இந்தக் காற்றை நினைத்துத்தான் என் எண்ணெய் வர்ணமும் டர்பன்டைனும் கராஜுக்குப் போயின. கீழே அக்ரிலிக் மட்டும்.

கழிவறை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. எங்கள் வீட்டில் கீழே அதற்கான குழாய் இல்லை. கொங்கிரீட்டை உடைத்துப் போடுவதா, கழிவை அரைத்து மேலே தள்ளும் பம்ப் வகையை வைப்பதா என்று இழுபறி. உடைத்தால் ஒருமுறை தொல்லை, பம்ப் என்றால் ஆயுளுக்கும் இரைச்சல், அதுவும் பதிவறைக்குப் பக்கத்தில். எதுவானாலும் நகராட்சியின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அதனால் ட்ரெயினுக்கு அருகிலுள்ள 5 அடி மூலையில் தரை போடாமல் விட்டிருக்கிறோம். இப்போதைக்கு அங்கே ஒரு மரத்தட்டின் மேல் இரண்டு அரிசி மூட்டையும் பழைய கிரைண்டரும் இருக்கின்றன.